பழைய சர்வரில் ஓஎஸ் ஏற்றும்போது பாதியில் நின்றால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

திருப்பூர், பல்லடம், சோமனூர், கரூர், ஈரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் பனியன் கம்பெனி ஆபீஸிலோ தறிக்கூடத்து மாடியிலோ ஒரு பழைய ரேக் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் டெல் ஆர்610, ஆர்710. இல்லாவிட்டால் ஹெச்பி டிஎல்380 ஜி6, ஜி7. எல்லாம் 2009, 2010 வாக்கில் வந்த மாடல்கள். எங்கோ டேட்டா சென்டரில் கழித்துக்கட்டி, ரிச்சி ஸ்ட்ரீட் வழியாகவோ பெங்களூரு எஸ்.பி. ரோடு வழியாகவோ நம்மூருக்கு வந்து சேர்ந்தவை. டேலிக்கும் பில்லிங்குக்கும் ஸ்டாக் கணக்குக்கும் இவை இன்றைக்கும் தாராளம். புதிதாக ஓஎஸ் ஏற்றும் அன்றைக்குத்தான் வம்பு.

போன் வரும்: "ஏனுங்ணா, பாதி வரைக்கும் ஓடுச்சுங்க, அப்படியே நின்னு போச்சுங்க. ஆஃப் பண்ணி மறுக்கா போடட்டுங்ளா?"

வேண்டாம். ஆஃப் செய்தால் திரையில் இருக்கும் கடைசி வரி போய்விடும். அந்த வரிதான் துப்பு. முதலில் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மற்றது.

கீழே வரும் கட்டளைகளையும் பூட் (சர்வர் எழும் கட்டம்) வார்த்தைகளையும் போனில் சொல்லித் தட்டவைப்பது போலவே எழுதியிருக்கிறேன். சர்வர் பக்கத்தில் நிற்பவருக்கு அப்படித்தான் சொல்லப்போகிறீர்கள். எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. இடைவெளி வரும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

நின்றதா, மெதுவாகப் போகிறதா?

இதைப் பிரிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பாருங்கள். விளக்கு மாறினால் ஓஎஸ்ஸின் மையமான கர்னல் உயிரோடு இருக்கிறது, அதை ஏற்றுகிற இன்ஸ்டாலர்தான் எதற்காகவோ காத்திருக்கிறது. மாறவில்லையென்றால் கர்னலே உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பூட் ஆகும் முதல் சில நொடிகளில் யூஎஸ்பி டிரைவர் ஏறியிருக்காது, அப்போது இந்தச் சோதனை செல்லாது.

அடுத்து டிஸ்க் விளக்கு. விட்டுவிட்டு மின்னினால் வேலை நடக்கிறது. ஒரே டிஸ்க்கின் விளக்கு மட்டும் அணையாமல் எரிய, மற்றவை சும்மா இருந்தால் அந்த டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, இன்ஸ்டாலரின் பின்பக்கத் திரை. டெபியன் லினக்ஸில் ஆல்ட்+எஃப்4 அமுக்கினால் லாக் (நடப்பதைப் பதியும் குறிப்பு) ஓடும், ஆல்ட்+எஃப்2 அமுக்கினால் ஷெல் (கட்டளை தட்டும் இடம்) கிடைக்கும். கிராஃபிக்கல் இன்ஸ்டாலராக இருந்தால் கன்ட்ரோலையும் சேர்த்து அமுக்க வேண்டும். அல்மா, ராக்கி மாதிரி ரெட்ஹாட் குடும்ப லினக்ஸ் என்றால் டெக்ஸ்ட் முறையில் கன்ட்ரோல்+பி (B) அமுக்கிவிட்டு 2 என்றால் ஷெல், 3 என்றால் லாக். உபுண்டு சர்வரில் மேலே இருக்கும் ஹெல்ப் மெனுவிலேயே ஷெல்லுக்கு வழி உண்டு. திரையில் "47%" என்று நின்றுகொண்டிருக்கும்போதே லாக்கில் காரணம் எழுதியிருக்கும். பாதிப் பேருக்கு மேல் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

உபுண்டு கடைசிக் கட்டத்தில் பாதுகாப்பு அப்டேட்டுகளை இறக்கும். ஆபீஸ் நெட் மந்தமாக இருந்தால் அங்கே வெகுநேரம் நிற்கும். அது பிழையே இல்லை. கீழே அப்டேட்டை ரத்து செய்து ரீபூட் பண்ணும் பொத்தான் இருக்கிறது.

பென்டிரைவிலிருந்தே எழவில்லை, மூலையில் கோடு மட்டும் மின்னுகிறது

டிஎல்380 ஜி7 வரை அந்த வரிசையில் புதுவகை பூட் முறையான யூஈஎஃப்ஐ கிடையாது, பழைய பயாஸ் மட்டும்தான். ஆர்710-இல் இரண்டும் உண்டு, எஃப்2 அமைப்பில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். பென்டிரைவை ரூஃபஸ் மென்பொருளில் எழுதும்போது ஜிபிடி (புதுவகைப் பார்டிஷன் அமைப்பு), யூஈஎஃப்ஐ என்று விட்டிருந்தால் பயாஸ் அதைச் சீண்டாது. டிடி முறையில், அதாவது ஐஎஸ்ஓவை (ஓஎஸ் இருக்கும் ஒற்றை ஃபைல்) அப்படியே பிரதியெடுக்கும் முறையில் எழுதுங்கள். லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும். பூட் மெனு இரண்டு பிராண்டிலும் எஃப்11.

எழுதும் முன்பு ஐஎஸ்ஓவின் ஷா256 தொகையை (ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். டவுன்லோடு நடுவில் அறுந்துபோன ஐஎஸ்ஓ, பூட் ஆகிவிட்டுப் பாதியில்தான் காலை வாரும். அப்போது நீங்கள் ரேமையும் டிஸ்க்கையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கர்னல் ஏறியதும் திரை கறுத்துவிட்டது

ஆர்710-இல் இருப்பது மேட்ராக்ஸ் ஜி200, டிஎல்380 ஜி6, ஜி7-இல் ஏடிஐ ஈஎஸ்1000. இரண்டுமே எழுத்துக் காட்டுவதற்கென்று வைத்த சின்ன சிப்கள். புதிய கர்னல் திரையின் ரெசல்யூஷனை மாற்றும்போது பழைய மானிட்டரும், பல சர்வர்களுக்கு ஒரே திரை தரும் கேவிஎம் பெட்டியும் அதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம். உள்ளே இன்ஸ்டாலர் சமர்த்தாக மொழி கேட்டுக்கொண்டு நிற்கும், நமக்குத்தான் தெரியாது. கேப்ஸ் லாக் மாறினால் இதுதான்.

பூட் மெனுவில் ஈ எழுத்தை அமுக்குங்கள். பழைய பயாஸ் முறையில் சில மெனுக்களில் டேப். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 'நோ-மோட்-செட்' என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து, கன்ட்ரோல்+எக்ஸ். டேப்பில் திறந்திருந்தால் வெறும் என்டர். டெக்ஸ்ட் இன்ஸ்டாலரையே எடுத்தால் இன்னும் நல்லது. சர்வரில் கிராஃபிக்கல் இன்ஸ்டாலர் எதற்கு என்பது என் நெடுநாள் கேள்வி.

ஒரு வரி எரர், உடனே கர்னல் பேனிக்

அந்த வரியில் 'ஜிலிப்சி' என்றும் 'எக்ஸ்86-64-வி2' என்றும் இருந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் பிராசசரில் இல்லாத கட்டளைகளை அந்த ஓஎஸ் கேட்கிறது. ரெட்ஹாட் 9-உம் அதன் வழிவந்த அல்மா 9, ராக்கி 9-உம் வி2 அளவு கேட்கின்றன. எஸ்எஸ்ஈ4.2, பாப்கவுன்ட் ஆகியவை அதற்குள் அடக்கம். நெஹேலம் தலைமுறை, அதாவது சியான் 5500 வரிசை தொடங்கி அவை உண்டு. அதனால் ஆர்710 தப்பிக்கும். அதற்கு முந்தைய பவர்எட்ஜ் 2950-இல் இருக்கும் சியான் 5400 வரிசையில் எஸ்எஸ்ஈ4.1 வரைதான், தப்பிக்காது. புல்டோசருக்கு முந்தைய ஆப்டெரான்களும் அப்படியே.

ரெட்ஹாட் 10 இன்னும் ஒரு படி மேலே போய் வி3 கேட்கிறது. அது ஹாஸ்வெல்லில்தான் தொடங்குகிறது. ஆர்710 மட்டுமில்லை, அதற்கு அடுத்த ஆர்720-உம் இதில் வெளியே. அல்மா 10 மட்டும் வி2 பிராசசர்களுக்கென்று தனி ஐஎஸ்ஓ தருகிறது, பெயரைப் பார்த்து இறக்குங்கள். விண்டோஸ் சர்வர் 2025-உம் எஸ்எஸ்ஈ4.2, பாப்கவுன்ட் இல்லாமல் ஓடாது.

டெபியன் இந்தப் போட்டியில் இல்லை. 64 பிட் பிராசசர் எதுவானாலும் 13 வரை ஏறும். பழைய இரும்புக்கு எது போடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டெபியன்தான். 'லேட்டஸ்ட் வேணுங்க' என்று அடம்பிடிக்கும் முதலாளிகளுக்கு அது ரசிப்பதில்லை, என்ன செய்வது.

எழுத்து மளமளவென்று ஓடி ஓரிடத்தில் நின்றுவிட்டது

இங்கே கடைசி வரியை நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஹெச்பி சர்வர்களில் ஏசிபிஐ எரர் என்று சிவப்பாகச் சில வரிகள் வரும். ஐபிஎம்ஐ பஃபரின் நீளம் சரியில்லை, பவர் மீட்டர் படிக்க முடியவில்லை என்கிற ரகம். அவை வெறும் புலம்பல். அதற்கும் நின்றதற்கும் சம்பந்தம் இருக்காது. அந்த எரரைத் தேடி நாள் முழுக்க உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய, பிந்தைய வரிகளைப் பாருங்கள்.

'டிமார்' என்ற சொல்லோடு ஃபால்ட் என்று வரிசையாக வந்து, பிறகு டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு கன்ட்ரோலர் பெயரோடு டைம்அவுட், ரீசெட் என்று ஓடினால் விஷயம் ஐஓஎம்எம்யூ. மெமரியில் எந்தச் சாதனம் எங்கே கை வைக்கலாம் என்று காவல் காக்கிற ஏற்பாடு அது. பழைய ரெய்டு கார்டுகளும் அந்தக் காலத்து பயாஸும் தங்களுக்குச் சொல்லாத இடத்திலும் கை வைக்கும் பழக்கம் உடையவை. முன்பு இன்டெல் இயந்திரங்களில் இந்தக் காவல் தானாக ஆன் ஆகாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸின் 8.2, 2024 ஏப்ரலில் 6.8 கர்னலோடு வந்தபோது அது இயல்பாகவே ஆன் ஆனது. நேற்றுவரை ஓடிய பழைய சர்வர்கள் பல இடங்களில் பூட்டிலேயே திணறின. பிராக்ஸ்மாக்ஸ்காரர்களே வெளியீட்டுக் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

தீர்வு ஒரே சொல். பூட் வரியின் கடைசியில்: இன்டெல், அண்டர்ஸ்கோர், ஐஓஎம்எம்யூ, ஈக்குவல், ஆஃப். விர்ச்சுவல் மெஷினுக்குள் கார்டை நேரடியாகக் கொடுக்கிற வேலை இல்லாதவரை இதை அணைப்பதால் உங்களுக்கு நஷ்டமில்லை. கூடவே டெல் லைஃப்சைக்கிள் வழியாகவோ தனியாகவோ பயாஸையும் கார்டின் ஃபர்ம்வேரையும் (உள்ளிருக்கும் மென்பொருள்) கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். 'எஃப்டி0' என்று பெயர் போட்டு ஐஓ எரர் வந்துகொண்டே இருக்கும், இன்ஸ்டாலர் 'டிஸ்க்குகளைத் தேடுகிறது' என்ற இடத்திலேயே நிற்கும். எஃப்டி0 என்பது ஃபிளாப்பி டிரைவ். பெட்டியில் ஃபிளாப்பியே இருக்காது. ஆனால் பயாஸில் 'டிஸ்கெட் டிரைவ்' ஆன் என்று இருக்கும். கர்னல் பாவம் அதை நம்பி, இல்லாத ஃபிளாப்பியைப் படிக்க மறுபடி மறுபடி முயலும். பயாஸில் அதை அணையுங்கள். அமைப்பு கிடைக்காவிட்டால் பூட் வரியில்: மோட்ப்ரோப், புள்ளி, பிளாக்லிஸ்ட், ஈக்குவல், ஃபிளாப்பி. டெல்லில் தூரத்திலிருந்து சர்வரைக் கையாள உதவும் ஐடிராக் ஒரு போலி ஃபிளாப்பியையும் போலி சிடியையும் ஒட்டிவைத்திருக்கும். பூட்டின்போது கன்ட்ரோல்+ஈ அமுக்கி உள்ளே போய் விர்ச்சுவல் மீடியாவை 'டிட்டாச்' செய்தால் அந்தத் தொல்லையும் போகும்.

டிஸ்க்கே காட்டவில்லை

நம்மூரில் வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். காரணம் நான்கைந்து உண்டு, ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில், ரெய்டு கார்டில் விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கியிருக்கிறீர்களா? டெல்லின் பெர்க் 6/ஐ, ஹெச்700 போன்ற கார்டுகள் வெறும் டிஸ்க்கை ஓஎஸ்ஸுக்குக் காட்டாது. பூட்டில் கன்ட்ரோல்+ஆர் அமுக்கி உள்ளே போய் ரெய்டு கட்டினால்தான் தெரியும். எஸ்ஏஎஸ் 6/ஐஆர், ஹெச்200 என்றால் கன்ட்ரோல்+சி, அவை வெறும் டிஸ்க்கையும் காட்டும். ஹெச்பியின் பி410ஐ-க்கு எஃப்8. பி410ஐ-யில் கேஷ் (தற்காலிக நினைவகம்) மாட்யூல் இல்லாவிட்டால் ரெய்டு 5 மெனுவிலேயே வராது. ரெய்டு 0, 1, 1+0 மட்டும்தான். 'ரெய்டு 5 ஆப்ஷனைக் காணோம், கார்டு அவுட்டுங்க' என்று வந்த கார்டுகளில் பல நல்ல கார்டுகள்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கில் பழைய வீட்டின் ரெய்டு விவரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பெர்க் அதை 'ஃபாரின் கன்ஃபிகரேஷன்' என்று காட்டி ஒதுக்கிவைக்கும். உள்ளே டேட்டா வேண்டாம் என்பது உறுதியானால் கன்ட்ரோலர் வரியில் எஃப்2 அமுக்கி, ஃபாரின், கிளியர். உறுதியில்லாவிட்டால் கை வைக்காதீர்கள். இம்போர்ட், கிளியர் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

அளவு. பெர்க் 6/ஐ-யும் எஸ்ஏஎஸ் 6/ஐஆர்-உம் 2 டிபிக்கு மேல் தெரியாத தலைமுறை. 4 டிபி டிஸ்க் செருகினாலும் 2 டிபிதான் கணக்கில் வரும். ஃபர்ம்வேர் ஏற்றி இதைத் தாண்ட முடியாது, ஹெச்700 மாற்றுவதுதான் வழி.

கார்டில் எல்லாம் சரி, டெபியன் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரிகிறது, ஆனால் அல்மாவுக்கோ ராக்கிக்கோ தெரியவில்லை. இந்தக் குழப்பம் ரெட்ஹாட் 8-இல் தொடங்கியது. பழைய கார்டுகளின் அடையாள எண்களை டிரைவர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெர்க் 6/ஐ, எஸ்ஏஎஸ் 6/ஐஆர், ஹெச்பி பி410 எல்லாம் அதில் அடிபட்டன. கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, 2024-இல் வந்த அல்மா 9.4. ரெட்ஹாட் கைவிட்ட எம்பிடிசாஸ், மெகாரெய்டு, ஹெச்பிஎஸ்ஏ போன்ற டிரைவர்களின் பழைய கார்டு ஆதரவை அவர்கள் திரும்பச் சேர்த்தார்கள். அதை எடுத்தால் மெனக்கெடவே வேண்டாம். மற்றது, ஈஎல்ரெப்போ தளம் தரும் டிரைவர் டிஸ்க். உங்கள் பதிப்பு 9.3 என்றால் 9.3-க்கான டிரைவர் டிஸ்க்கே வேண்டும், ஒரு புள்ளி மாறினாலும் கர்னல் அதை ஏற்காது. அதை இன்னொரு பென்டிரைவில் எழுதி, பூட் வரியில் இன்ஸ்ட், புள்ளி, டிடி என்று சேர்த்தால் இன்ஸ்டாலர் எந்த டிரைவ் என்று கேட்கும்.

கடைசியாக ஒன்று, இதை விற்பவரும் சொல்லமாட்டார், வாங்குபவருக்கும் தெரியாது. பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள் செக்டாருக்கு 520 பைட் என்று ஃபார்மட் ஆகியிருக்கும். நம் சர்வருக்கு வேண்டியது 512. டிஸ்க்கின் விளக்கு எரியும், சுழலும், கார்டு மட்டும் ஏற்காது. கர்னல் லாக்கில் 'அன்சப்போர்ட்டட் செக்டார் சைஸ் 520' என்று நேரடியாகவே எழுதியிருக்கும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. ஹெச்200 மாதிரி டிஸ்க்கை நேரே காட்டும் கார்டில் மாட்டி, எஸ்ஜி3-யூடில்ஸ் தொகுப்பை ஏற்றி: எஸ்ஜி, அண்டர்ஸ்கோர், ஃபார்மட், இடைவெளி, இரண்டு ஹைபன், ஃபார்மட், இடைவெளி, இரண்டு ஹைபன், சைஸ், ஈக்குவல், 512, இடைவெளி, டிஸ்க்கின் பெயர். பெயரை இரண்டு பேர் பார்த்துவிட்டு என்டர் அமுக்குங்கள். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஃபைல் காப்பி ஆகும்போது சதவீதம் நகரவில்லை

லாக் திரையைத் திறந்து, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

'ஸ்க்வாஷ்எஃப்எஸ்' என்று எரர் வந்தால் இன்ஸ்டாலரின் மூலப் பொதியைப் படிக்க முடியவில்லை. பென்டிரைவையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேம். ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க் அல்லது ஐஎஸ்ஓ. இந்த வித்தியாசம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். ரேம் சந்தேகம் வந்தால் மெம்டெஸ்ட்86+ போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். டிஎல்380-இல் முன்பக்கம் இழுத்தால் வரும் சின்னப் பலகையில் எந்த ஸ்லாட் ரேம் கெட்டது என்று விளக்கே எரியும். ஆர்710-இல் முன்பக்க எல்சிடி நீலத்திலிருந்து ஆம்பருக்கு மாறிப் பெயரும் சொல்லும். ரெஜிஸ்டர்டு ரேமையும் அன்பஃபர்டு ரேமையும் கலந்து மாட்டியிருந்தால் அது பூட்டே ஆகாது, இவ்வளவு தூரம் வந்திருக்காது.

'பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்' என்று வந்தால் பலரும் பயந்துவிடுகிறார்கள். டிஸ்க் பதில் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்ற தகவல், அவ்வளவுதான். ஏன் ஆகிறது என்பதுதான் கேள்வி.

ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடத்துப் பேட்டரி செத்துத்தான் இருக்கும். பேட்டரி செத்தால் கார்டு தன் கேஷை நம்பாமல் ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்க்கில் பதிந்த பிறகே 'ஆச்சு' என்று சொல்லும். ரைட்-த்ரூ என்பது அதுதான். டெபியன் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் 'டிஸ்க்கில் பதிந்தாயா' என்று கேட்டுக்கேட்டுப் போகிற ஆள். இரண்டும் சேர்ந்தால் இன்ஸ்டால் நத்தை வேகம்தான். புதுப் பேட்டரி போட்ட உடனேயும் மாற்றம் தெரியாது, அது சார்ஜ் ஏறும்வரை கார்டு ரைட்-த்ரூவிலேயே இருக்கும். பேட்டரி இல்லாமலே ரைட்-பேக் ஆக்கும் ஆப்ஷனும் மெனுவில் இருக்கிறது. கரண்ட் போனால் கேஷில் இருந்த கணக்கு அத்தனையும் காற்றோடு போகும். தறி ஓடும் ஊரில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொரு காரணம், ரெய்டை அப்போதுதான் கட்டியிருப்பது. பின்னணியில் இனிஷியலைஸ் ஓடும்போது இன்ஸ்டாலையும் ஓட்டினால் இரண்டும் இழுபடும். அதை முடியவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு டிஸ்க் சாகப்போகிறது என்றாலும் இதே முகம்தான். டெஸ்க்டாப் சாட்டா டிஸ்க்கை ரெய்டில் போட்டிருந்தால் இன்னும் மோசம். கெட்ட செக்டாரைப் படிக்க அது விடாமல் முயன்றுகொண்டிருக்கும், கார்டு பொறுமை இழந்து அந்த டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். சிஸ்டம்ரெஸ்க்யூ மாதிரி லைவ் பென்டிரைவில் பூட் செய்து ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டுங்கள். பெர்க் பின்னால் இருக்கும் டிஸ்க்கைப் பார்க்க, ஹைபன் டி, இடைவெளி, மெகாரெய்டு, கமா, டிஸ்க் எண் என்று சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டின் ஜாதகம்தான் வரும், டிஸ்க்கின் ஜாதகம் வராது.

ஐடிராக் வழியாகவோ ஹெச்பியில் அதற்கு இணையான ஐஎல்ஓ வழியாகவோ உங்கள் லேப்டாப்பிலிருக்கும் ஐஎஸ்ஓவைக் காட்டி ஏற்றுகிறீர்களா? அப்படியானால் ஒவ்வொரு ஃபைலும் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது. வைஃபை மந்தமானாலோ லேப்டாப் தூங்கிப்போனாலோ இன்ஸ்டால் அப்படியே நிற்கும். ஐடிராக்6 தலைமுறையில் இதன் வேகம் கொஞ்சமும் சுகமில்லை. சர்வர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் பென்டிரைவே மேல்.

இனி, நம்மூருக்கே உரிய காரணம். பின்னலாடை யூனிட்டில் கட்டிங் செக்‌ஷனுக்கு அடுத்த அறையில் வைத்த ஒரு சர்வர், இன்ஸ்டால் தொடங்கும்போது நன்றாகப் போகும், பாதிக்கு மேல் தவழும். கர்னல் லாக்கில் 'கோர் டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்டு, கிளாக் த்ராட்டில்டு' என்று வரிசையாக நின்றது. மேல் தகட்டைத் திறந்து, பிராசசர் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால், ஹீட்சிங்க்கின் தகடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று நுழையும் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு போல ஒரே பாளமாக உரிந்து வந்தது. அதற்குள் வெள்ளை, நீலம், மெரூன் என்று அந்த சீசனில் ஓடின கலரெல்லாம் இழை இழையாகத் தெரிந்தன. ஃபேன்கள் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருந்தாலும் காற்று போக வழியில்லை. அந்தச் சத்தத்தை 'சர்வர்னா அப்படித்தாங்க' என்று விட்டிருந்தார்கள்.

"எத்தன நாளா இப்படிக் கத்துதுங்க தம்பி?"

"நாங்க வேலைக்கு வந்ததுல இருந்தே இப்படித்தாங்ணா."

புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கைகளைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் அது மின்சாரம் உற்பத்தி செய்யும். பவர் சப்ளைகளைக் கழற்றி அவற்றின் வாயையும் ஊதுங்கள். பிராசசர் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தால் துடைத்துப் புதிது வையுங்கள். மூடியைத் திரும்ப மாட்டாமல் ஓட்டாதீர்கள், அது இருந்தால்தான் காற்று ஹீட்சிங்க் வழியாகப் போகும். சர்வரை வேறு அறைக்கு மாற்ற முடியுமென்றால் இன்ஸ்டாலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்ரஸரோ பெரிய மோட்டாரோ கிளம்பும் அதே நேரத்தில் சர்வர் ரீசெட் ஆகிறதென்றால் லாக்கில் எதுவும் இருக்காது, சட்டென்று அறுந்திருக்கும். சர்வருக்குத் தனி லைன், நல்ல எர்த், சைன்வேவ் யூபிஎஸ். வீட்டு இன்வெர்ட்டரின் சதுர அலை இந்தப் பவர் சப்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

நெட்வொர்க்கில் நிற்கிறது, அல்லது பேக்கேஜ்களை இறக்கும் மிர்ரரைத் தொட்டதும் நிற்கிறது

ஆர்610, ஆர்710-இல் இருப்பது பிராட்காம் 5709 நெட்வொர்க் சிப். இதற்கு 'பிஎன்எக்ஸ்2' என்ற ஃபர்ம்வேர் ஃபைல் தனியாக வேண்டும். டெபியன் 11 வரை சாதாரண ஐஎஸ்ஓவில் அது கிடையாது, 'ஃபர்ம்வேர் காணோம்' என்று கேட்டு நிற்கும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் ஐஎஸ்ஓவிலேயே சேர்த்துவிட்டார்கள். பழைய ஐஎஸ்ஓவைத் தூக்கி எறியுங்கள்.

பின்னால் நான்கு போர்ட் இருக்கும், இன்ஸ்டாலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐபி முகவரி தரும் டிஹெச்சிபிக்காகக் காத்திருக்கும், நீங்கள் கேபிளை வேறொன்றில் செருகியிருப்பீர்கள். ஷெல்லில் ஐபி, இடைவெளி, லிங்க் என்று அடித்தால் எந்தப் போர்ட்டில் உயிர் இருக்கிறது என்று தெரியும். தனியாக நிற்கும் ஐடிராக் போர்ட்டில் கேபிளைச் செருகிவிட்டு நெட் வரவில்லை என்பதும் உண்டு.

ஐபி கிடைத்த பிறகு மிர்ரரில் மட்டும் நின்றால் தேதியைப் பாருங்கள். ஷெல்லில் டேட் என்று அடித்தால் போதும். மதர்போர்டிலிருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். அப்போது டெபியனின் ரிலீஸ் ஃபைல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று எரர் தரும், ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ்களும் செல்லாது. பெட்டிக்கடையிலேயே கிடைக்கிற பேட்டரி. மாற்றிவிட்டு பயாஸில் தேதி வையுங்கள். பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போயிருக்கும், பூட் முறையை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தது என்றது, ரீபூட் செய்தால் எழவில்லை

பென்டிரைவைப் பிடுங்கியதும் எழவில்லையென்றால் ஓஎஸ்ஸை எழுப்பும் கிரப் பென்டிரைவிலேயே ஏறியிருக்கும். சில சர்வர்களில் பென்டிரைவ்தான் எஸ்டிஏ, டிஸ்க் எஸ்டிபி. கிரப் எங்கே போட வேண்டும் என்று கேட்கும்போது பெயரை விட்டுவிட்டு அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பழைய பயாஸில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் ஆக 1 எம்பிக்கு ஒரு பயாஸ் பூட் பார்டிஷன் வேண்டும். கையால் பார்டிஷன் பிரித்தவர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். 2 டிபிக்கு மேற்பட்ட விர்ச்சுவல் டிஸ்க் என்றால், பூட் டைரக்டரிக்கு டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே தனிப் பார்டிஷன் கொடுங்கள், பழைய பயாஸ் அதற்கு அப்பால் எட்டிப் படிக்காது.

முதல் தடவை இன்ஸ்டாலர் ஓடி, ரீபூட்டில் மறுபடி பழைய இடத்திலேயே நின்றால், பூட் வரியில் நீங்கள் சேர்த்த சொல் புது ஓஎஸ்ஸுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். டெபியனிலும் உபுண்டுவிலும் பூட் வரியில் மூன்று ஹைபன் இருக்கும், அதற்குப் பின்னால் எழுதியதுதான் நிரந்தரமாகப் பதியும். முன்னால் எழுதியிருந்தால் இந்த ஒரு தடவை கிரப் மெனுவில் ஈ அமுக்கி மறுபடி சேர்த்து உள்ளே வாருங்கள். வந்ததும் ஸ்லாஷ், ஈடிசி, ஸ்லாஷ், டீஃபால்ட், ஸ்லாஷ், கிரப் ஃபைலில் கமாண்ட்லைன் வரியின் மேற்கோளுக்குள் அதை எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். பிராக்ஸ்மாக்ஸ், யூஈஎஃப்ஐ-யில் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் மீது ஏறியிருந்தால் அந்த ஃபைலுக்கு வேலையில்லாமல் இருக்கலாம். அப்போது ஸ்லாஷ், ஈடிசி, ஸ்லாஷ், கர்னல், ஸ்லாஷ், சிஎம்டிலைன் ஃபைலில் எழுதி, பிராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல், இடைவெளி, ரெஃப்ரெஷ். இதை அன்றைக்கே செய்யாவிட்டால் அடுத்த கர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை, பில் போட ஆள் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.